மைக் அக்காவின் குரல்

ஓசூரில் அவரை முகம் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தான். குரலைக் கேட்டு அடையாளம் சொல்ல முடியாதவர்கள் அதைவிடக் கொஞ்சம். துணிக்கடையின் ஆடித் தள்ளுபடி, சந்தைக் கூட்டத்தில் அம்மாவின் கையை விட்டுவிட்ட குழந்தை, நாளைக்குத் தண்ணீர் வராது என்ற செய்தி, மாரியம்மன் கோயில் தீமிதி, மாதா கோயில் நவநாள், தர்கா உரூஸ், கண் சிகிச்சை முகாம், யார் வீட்டுச் சாவு என்றாலும் எடுக்கப்போகிற நேரம் எல்லாம் அவர் குரலில்தான் வரும். ஆட்டோவின் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கும். டிரைவருக்குப் பின்னால், மடியில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைப் பாதி மூடியபடி அவர் உட்கார்ந்திருப்பார். தூசி அவருக்கு ஆகாது. எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

நான் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கணவருக்கு சிப்காட்டில் வார்ப்படக் கம்பெனி வேலை. எனக்கு செல்போன் பாகம் பொருத்துகிற கம்பெனியில் வேலை. நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எங்கள் சுவரும் அக்காவின் சுவரும் ஒன்றுதான். ஆனாலும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தமே வராது. ஊருக்கே பேசுகிறவர் வீட்டில் பேசுவது பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். "ஏன்க்கா இப்படி மெதுவாப் பேசுறீங்க?" என்று வந்த புதிதில் கேட்டேன். "கூலி இல்லாத இடத்துல எதுக்கு பாப்பா கத்தணும்" என்றார்.

மைக் செட் கடை அவர் வீட்டுக்காரருடையது. பேச வருவதாகச் சொன்ன ஆள் ஒருநாள் வராமல் போகவே, கடையில் உட்கார்ந்திருந்த இவர் மைக்கைப் பிடித்தாராம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் கடை இவர் குரலில்தான் நடந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பேசுவார். ஒன்றில் சொன்னதை அப்படியே மற்றதில் மொழிபெயர்த்துச் சொல்லமாட்டார். தமிழில் விஷயத்தை மட்டும் சொல்வார். கன்னடத்தில் மரியாதை கூடிவிடும். தெலுங்குக்காரர்கள் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தால் ஒரு கேலி எப்படியும் இருக்கும். பூக்கட்டும் பெண்கள் வாசலுக்கு வந்து பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள்.

எழுதிக் கொடுப்பதை அப்படியே படிக்கமாட்டார். அதுதான் அவர் குணம். முதலில் தாளை மடியில் வைத்து உதடு அசையாமல் படிப்பார். அப்புறம் பேனாவை எடுத்து அங்கங்கே ஒரு கோடு இழுப்பார். கொள்கை என்றெல்லாம் பேசமாட்டார். "இந்த வார்த்தை என் வாய்க்கு வராதுங்க" என்பார், ஏதோ பல் விழுந்த இடத்தில் காற்றுப் போகிற மாதிரி.

ஒரு பாஸ்டர் ஐயா ஜெபக் கூட்டத்துக்கு எழுதிக் கொண்டுவந்தார். குருடர் பார்வை பெறுவார்கள், முடவர் நடப்பார்கள் என்று இருந்தது. அக்கா கோடு இழுத்துவிட்டு, "வியாதியஸ்தருக்காக ஜெபிக்கப்படும்னு போட்டுக்கலாங்களா?" என்றார்.

"ஏம்மா, நீங்களும் கிறிஸ்தவங்கதானே, விசுவாசம் இல்லையா?"

"எனக்கு இருக்குங்க ஐயா. ஆனா நடக்க முடியாதவங்க என் குரலக் கேட்டு ஆட்டோ வெச்சிட்டு வருவாங்க. திரும்பிப் போறப்ப அவங்க என்னத்தான் நினைப்பாங்க."

கோயில் திருவிழாவுக்கும் அதேதான். இன்னார் தெருவுக்குள் சாமி வராது என்பதை மைக்கில் சொல்லச் சொன்னார்கள். அக்கா சாமி போகிற தெருக்களின் பேரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். கோயில் கமிட்டிப் பெரியவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் அவரேதான் கூப்பிட வந்தார்.

காவிரித் தண்ணீருக்காக எல்லை சூடாகிற நாட்களில் அவர் குரலுக்கு வேறு ஒரு மதிப்பு இருந்தது. பஸ் எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போகாது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜூஜூவாடியிலேயே இறங்கி ஜனங்கள் மூட்டையோடு நடப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஆட்டோவை நிறுத்தி, இரண்டு பாஷையிலும் அக்கா பேசுவார். எந்த வண்டி எதுவரைக்கும் போகும், குடிதண்ணீர் எங்கே வைத்திருக்கிறார்கள், யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதுதான் பேச்சு. அந்த நாட்களில் வேறெதுவும் சொல்லமாட்டார். அங்கே நின்ற போலீஸ்காரர் ஒருவர் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "நீங்க பேசினா கல்லு எடுத்தவன்கூட கீழ போட்டுட்டு என்ன சொல்றாங்கன்னு கேக்கறான்மா" என்றாராம். அக்கா அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான்.

தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் சாமிகளுக்கும் வேலை கூடிவிடும். வேட்பாளர் காலையில் மலைக்கோயிலில் திருநீறு பூசிக்கொள்வார். மத்தியானம் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி பிடிப்பார். சாயங்காலம் தர்காவில் தலையில் கைக்குட்டை கட்டியிருப்பார். மூன்று இடத்திலும் டிவிக்காரர்கள் முன்னால் ஓடுவார்கள். அக்காவுக்கும் அப்போதுதான் பிழைப்பு. காலையில் ஒரு கட்சி, வெயில் தாழ இன்னொன்று. "நீங்க யாருக்குக்கா ஓட்டுப் போடுவீங்க?" என்று தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் சீண்டுவார்கள். "வாய்தான் வாடகைக்கு விட்டிருக்கேன். விரல் என்னோடது" என்பார்.

சாயங்காலம் எனக்கு ஷிப்ட் இல்லாத நாளில் இரண்டு பேரும் டிவி பார்ப்போம். விவாதம் ஓடும். ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒரு தலை வீதம் ஆறேழு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அக்கா ரிமோட்டை எடுத்து சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

"பாரு, எவன் எந்தக் கட்சின்னு சொல்லு பார்ப்போம்."

என்னால் சொல்ல முடியாது. எல்லோர் கழுத்து நரம்பும் ஒரே மாதிரி புடைத்திருக்கும்.

"நாங்களும் தொழில்காரங்கதான். ஆனா நாங்க தெருவுல பேசறோம் பாப்பா. தப்பாப் பேசினா அடுத்த தெருவுல ஒருத்தன் குறுக்க நின்னு ஏன்னு கேப்பான். இவங்களை யார் கேக்கறது?"

போன தேர்தலில் ஒரு கட்சிப் பையன் தாளோடு வந்தான். நல்ல சட்டை, கையில் இரண்டு போன். எதிர்க் கட்சி வேட்பாளர் எந்த மதத்துக்காரர்களுக்கு வேண்டியவர், ஜெயித்தால் யாருக்கு எதை எழுதிக் கொடுத்துவிடுவார் என்று அந்தத் தாளில் இருந்தது. நான் அப்போது அக்காவின் வீட்டில்தான் இருந்தேன். அக்கா பேனாவை எடுத்தார். கோடு இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் சின்னமும் வேட்பாளர் பேரும்தான் மிஞ்சின.

"இத மட்டும் பேசறேன் தம்பி. மத்தது வாய்க்கு வராது."

அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே தாளை வாங்கிக்கொண்டான். "பரவால்லக்கா. இப்பல்லாம் பெங்களூர்ல ஆளே வேண்டாம். எழுதிக் குடுத்தா மெஷினே பேசிடுது" என்று சொல்லிவிட்டுப் போனான். பின்னால் நடந்ததற்கு அவனைத்தான் நான் சந்தேகப்படுகிறேனா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். அப்படிப் பேசிக்கொண்டு எத்தனையோ பேர் அலைந்தார்கள்.

ஓட்டுப் போடுவதற்கு முந்தின வாரம், கம்பெனி பஸ்ஸில் வரும்போது எங்கள் லைன் பெண்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. பக்கத்து சீட்டுப் பெண் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். "உங்க பக்கத்து வீட்டு அக்காதானே இது?"

அக்காதான். "வணக்கம், ஒரு நிமிஷம் காது குடுங்க" என்று அவர் எப்போதும் தொடங்குகிற மாதிரியே தொடங்கியது. "நம்ம சபை ஜனங்களுக்கு மட்டும் சொல்றேன். இந்தத் தடவை நம்ம ஓட்டு ஒண்ணுகூடச் சிதறக் கூடாது. நம்ம ஆள் ஜெயிச்சா மாரியம்மன் கோயில் மைதானம் நம்ம கைக்கு வந்துடும். பேசி முடிச்சாச்சு. அடுத்த வருஷம் அங்க சிலுவை நட்டுடலாம்."

அந்த மைதானம் புறம்போக்கு. தீமிதிக்குக் குழி வெட்டுவதும் அங்கேதான், மே மாதத்தில் மாதா தேர் திரும்புவதும் அங்கேதான். மற்ற நாளில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். மூலையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனிகளில் மூட்டை தூக்குகிற பையன்கள் ஞாயிற்றுக்கிழமை அதில் பாட்டுப் பாடி ஜெபம் செய்வார்கள். இதுவரை அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டதில்லை.

நான் நேராக அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். போட்டுக் காட்டினேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இன்னொரு தடவை போடு" என்றார். இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நல்லாப் பண்ணியிருக்காங்க. நான் மூச்சு எடுக்கற இடத்துலதான் இதுவும் எடுக்குது."

"நீங்க பேசலதானேக்கா?"

"இல்ல. ஆனா ஒரு நிமிஷம், எப்பப் பேசினோம்னு யோசிச்சிட்டேன் பாப்பா."

எங்கள் கம்பெனியில் வேலை பார்க்கிற இன்ஜினியர் பெண்ணிடம் அடுத்த நாள் விசாரித்தேன். ஒருவர் பேசிய பதிவு கொஞ்சம் இருந்தாலே போதும், அதை வைத்து எதை வேண்டுமானாலும் பேச வைக்கலாம் என்றாள். அக்காவிடம் சொன்னேன். "கொஞ்சம் என்ன, ஊர் முழுக்க இருக்கேனே. எந்தக் கடைக்காரன் போன்லதான் நான் இல்ல" என்றார்.

முதலில் வந்தவர் கோயில் கமிட்டிப் பெரியவர். உள்ளே வரவில்லை. வாசலில் செருப்போடு நின்றார். "நீ பேசியிருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்மா. ஆனா பசங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. இந்தத் தடவை திருவிழாவுக்கு வேற ஆளப் பார்த்துக்கறோம்" என்றார். அக்கா "சரிங்க" என்றார். அன்று சாயங்காலமே பங்குச் சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் படிப்பது அக்காதான், கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. "கொஞ்ச நாளைக்கு நீங்க படிக்க வேண்டாம். ஜனங்க பயந்து போயிருக்காங்க. உங்களால நமக்கெல்லாம் ஆபத்துன்னு பேசறாங்க" என்றார் சாமியார். அதற்கும் அக்கா "சரிங்க சாமி" என்றுதான் சொன்னார்.

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆடியோவைப் போட்டுக் கேட்டார். அக்காவைப் பேசச் சொல்லிக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயேம்மா" என்றார்.

"எனக்கே தெரியலீங்க சார்" என்றார் அக்கா.

அப்படி ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது என்று வெளியே வந்ததும் நான் சொன்னேன். "தெரியாததத் தெரியும்னு எப்படிச் சொல்றது?" என்றார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். இதற்கெல்லாம் கிருஷ்ணகிரியில் தனிப் பிரிவு இருக்கிறது, அங்கே அனுப்புகிறோம், தேர்தல் வேலை முடியட்டும் என்றார்கள்.

அப்புறம் அவராகவே உள்ளூர் சேனலுக்குப் போனார். தான் பேசவில்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தார். அவர்கள் கேமரா வைத்து, முகத்துக்குப் பவுடர் எல்லாம் போட்டு எடுத்தார்கள். ராத்திரிச் செய்தியில் வந்தது. முதலில் அந்த ஆடியோவை முழுசாகப் போட்டார்கள். கீழே 'மைதானம் யாருக்கு?' என்று எழுத்து ஓடியது. பிறகு அக்கா வந்து, "வணக்கம், ஒரு நிமிஷம் காது குடுங்க. அது நான் இல்லீங்க" என்றார். அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டு, மறுபடியும் ஆடியோவைப் போட்டு, இரண்டும் ஒரே குரலா, நேயர்கள் கருத்து என்ன என்று கேட்டார்கள். அதுவரை ஆடியோவைக் கேட்காதவர்களும் அன்று கேட்டார்கள். எங்கள் கம்பெனி பஸ்ஸில் காலையில் அதே பேச்சு. "அவங்களே டிவில வந்து பேசினாங்களே, அதே குரல்தான்" என்றாள் ஒருத்தி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். பக்கத்து வீடு, அதனால் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்றார்கள்.

ஆட்டோவின் ஸ்பீக்கர் குழாய்களுக்குள் யாரோ தார் ஊற்றியிருந்தார்கள். டிரைவர் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தார். அக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபம் நடந்துகொண்டிருக்கும்போதே தகரக் கொட்டகையைப் பிரித்தார்கள். பெரிய கலவரம் ஒன்றுமில்லை. பதினைந்து இருபது பேர் வந்தார்கள், பிரித்தார்கள், போனார்கள். ஆனால் தடுக்க வந்த ஒரு ஒடிசாப் பையனுக்கு மண்டை உடைந்து, தோள் எலும்பும் முறிந்துவிட்டது.

அக்கா பார்க்கப் போகவேண்டும் என்றார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனோம். அந்தப் பையன் தலையில் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கூட இருந்தவன் அவன் ஊர்க்காரன், இங்கே வெகுநாள் இருந்து தமிழ் பழகியவன். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "ரொம்ப வலிக்குதாப்பா?" என்று கேட்டார்.

பையன் சட்டென்று திரும்பினான். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைப் பார்த்தான். முறியாத கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூட இருந்தவனிடம் அவர்கள் பாஷையில் ஏதோ வேகமாகச் சொன்னான்.

"என்னப்பா சொல்றான்?" என்று நான் கேட்டேன்.

கூட இருந்தவன் தயங்கினான். "அக்கா, நீங்க பேசாதீங்க. அடிக்கும்போது போன்ல இந்தக் குரலப் போட்டுக் காட்டித்தான் அடிச்சாங்க. இது உங்க ஆள்தானே, உங்க ஆள்தானேன்னு கேட்டுக்கிட்டே அடிச்சாங்க. இவன் பயப்படறான்."

அக்கா வாயைத் திறந்தார். அது நான் இல்லை என்று சொல்லத்தான் நினைத்திருப்பார். அதைச் சொல்வதற்கும் அந்தக் குரல்தான் அவரிடம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு, பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே நடந்தார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது கண்டக்டரிடம்கூட நான்தான் இறங்கும் இடத்தைச் சொன்னேன்.

தேர்தல் முடிந்தது. ஆடியோவால் லாபம் யாருக்கோ அவர்கள்தான் ஜெயித்தார்கள். அதுவும் பெரிய வித்தியாசத்தில். இந்த ஆடியோ இல்லாவிட்டாலும் அவர்கள்தான் ஜெயித்திருப்பார்கள் என்று டீக்கடையில், பஸ்ஸில், டிவியில் எல்லோரும் சொன்னார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் புரிந்தது. அவசியத்துக்குக்கூட யாரும் இதைச் செய்யவில்லை. சும்மா இருக்கட்டுமே என்று செய்திருக்கிறார்கள். தோற்றவர்கள் அக்காவை ஜெயித்தவர்களிடம் காசு வாங்கியவள் என்றார்கள். மைதானத்தைச் சுற்றி இப்போது முள்வேலி போட்டிருக்கிறது. தீமிதிக்கும் அனுமதி வாங்க வேண்டும், மாதா தேருக்கும் வாங்க வேண்டும். கிருஷ்ணகிரிக்கு அக்கா சில தடவை போய்வந்தார். ஆடியோவை முதன்முதலில் யார் அனுப்பினார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

மழைக்கு முன்னால் அவர் வீட்டைக் காலி செய்துகொண்டு பாரூர்ப் பக்கம் தம்பி வீட்டோடு போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். அழுது நான் பார்க்கவில்லை. சாமான் ஏற்றிய வண்டியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, கையை மட்டும் ஆட்டினார். கடையை விற்றாயிற்று. வாங்கியவர் டிஜே செட் வைத்திருக்கிறார்.

அடுத்த மாம்பழ சீசனில் ஒருநாள், கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தக் குரல் வந்தது. "வணக்கம், ஒரு நிமிஷம் காது குடுங்க." நான் திரும்பிப் பார்த்தேன். டிரைவரைத் தவிர ஆளில்லாத ஒரு மினி லாரி, பக்கவாட்டில் பெரிய திரை, ஏதோ நகைக்கடை விளம்பரம். மூன்று பாஷையிலும் பேசிக்கொண்டு போனது. தெலுங்கில்கூட கேலி இல்லை. பக்கத்தில் நின்ற பெண், "மைக் அக்கா திரும்பி வந்துட்டாங்க போல" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாரூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா பக்கத்தில் ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலைக்குப் போகிறார், சீசனில் ஞாயிறுகூட லீவு இல்லை என்று தம்பி மனைவி சொன்னாள். அங்கே போய் வாசலில் காத்திருந்தேன். உள்ளே மெஷின் சத்தத்தில் ஒருத்தர் பேசுவது இன்னொருத்தருக்குக் கேட்காது. டீ நேரத்தில் வந்தார். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, முழங்கை வரைக்கும் மாம்பழச் சாறு. ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மெலிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

நகைக்கடை வண்டியைப் பற்றிச் சொன்னேன். "கேஸ் குடுக்கலாம்க்கா. இந்தத் தடவை யார் கடைன்னு பேர் தெரியுதுல்ல."

"இங்கயும் வந்துச்சு. போன வாரம். கூட வேலை செய்யற பொம்பளைங்க கேட்டுட்டு, ஏய், அது உன் குரல்தானேன்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

டீயை ஒரு மடக்கு குடித்தார். "ஆமா, நான்தான்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"இல்லேன்னு சொன்னா மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும் பாப்பா. ஒடம்புல அதுக்குத் தெம்பில்ல."

உள்ளே மணி அடித்தது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார். பிறகு மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று உள்ளே போனார். கதவைச் சாத்தினார்கள். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ரோட்டுக்கு வந்தேன்.